கெடிபோனே புது டயரைக் கழற்றிய ஞாயிறு

கட்லெஹோ கொண்டுவந்த தாளில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. இடப்பக்கம் கார் கம்பெனியின் புது மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், வலப்பக்கம் கெடிபோனேயின் பழைய சிவப்புக் கார், நடுவில் ஒரு கோடு. கெடிபோனே கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, தாளின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மஞ்சள் காருக்கு நான்கு நொடி, இவளுடையதற்கு ஏழரை. சறுக்கினால் தானே சமாளித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அதற்கு உண்டு, இதற்கு இல்லை. பின்னால் பார்க்க அதில் கேமரா இருந்தது. இதில் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். ஏர்பேக் அதில் எட்டு, இதில் ஒன்றுமில்லை. அந்த வரியில் அவள் கண் சற்று நின்றது. பிறகு கீழே இறங்கியது. பன்னிரண்டிலும் சிவப்புக் கார் தோற்றிருந்தது.

"இதுல ஏதாவது தப்பு இருக்காம்மா?" என்று கேட்டான் கட்லெஹோ. ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் மஞ்சள் காரை ஓட்டப்போகிறவன் அவன்தான். அவன் அப்பா இதே சொவெட்டோவில் பிறந்தவர். மகன் வளர்ந்தது நகரத்தின் வடக்கே, மதில் வைத்த வீடுகளுக்கு நடுவில். வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்திருந்தான்.

"ஒண்ணு இருக்கு. என்னை அம்மான்னு கூப்பிட்டது தப்பு. உனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"எனக்கு நாப்பத்தொண்ணு. பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் எனக்கு வராதுதான். ஆனா இந்தக் கணக்கு வரும். பதினஞ்சு வயசுல நான் பந்துதான் ஆடிட்டு இருந்தேன், பிள்ளை பெத்துட்டு இல்லை."

மினிபஸ் நிலையத்தில் வரிசையில் நின்றிருந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள். கடை என்பது ஒரு பழைய கன்டெய்னர். ஒரு பக்கச் சுவரை அறுத்துக் கதவு வைத்திருந்தாள். மாப்பெட்லா பக்கம் ஓடும் மினிபஸ்களில் பாதிக்கு இவள் கைதான் பஞ்சர் ஒட்டும்.

"சரிக்கா. மத்ததெல்லாம் சரியா?"

"மத்ததெல்லாம் நிஜம். உன் கார் வேகம், உன் கார் பத்திரம், உன் கார்ல உக்காந்தா முதுகு வலிக்காது. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. ஓட்டுறவ இறங்கிப் போயிட்டா கார் என்ன செய்யும்?"

கட்லெஹோ சிரித்தான். பொய்ச் சிரிப்பு இல்லை. கெடிபோனேவுக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான். "கதவைத் திறந்தாலே நின்னுடும்க்கா. சீட்டுல ஆள் இல்லேன்னா அதுக்கே தெரியும். கத்தும், பிரேக்கைத் தானே போட்டுக்கும். அதுக்குப் பேருதான் பாதுகாப்பு."

"என்னோடது நிக்காது. பதிமூணாவது வரியா எழுதிக்கோ."

அவன் பேனாவை எடுத்து நிஜமாகவே எழுதிக்கொண்டு போனான். மறுநாள் செய்தி அனுப்பினான்: கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பன்னிரண்டோடு நிறுத்தச் சொல்கிறார்கள், மன்னிக்கவும் அக்கா.

அந்தச் சிவப்புக் காருக்கு முப்பத்தைந்து வயது. பெட்டிபோல் நான்கு மூலையும் நேராக இருக்கும். சொவெட்டோவில் அதைக் குஷேஷே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டத்தில் சுற்றுவதற்கென்றே பிறந்த கார் என்று சத்தியம் செய்வார்கள். வட்டம் என்றால் சுவர் வைத்த, தார் போட்ட மைதானம். நடுவில் காரை ஒரே இடத்தில் பம்பரமாகச் சுழலவிடுவார்கள். டயர் தேய்ந்து புகை கிளம்பும். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விடுவார், கூரைமேல் ஏறுவார், இறங்கிக் கூடவே நடப்பார். ஆளில்லாத கார் சுற்றிக்கொண்டே இருக்கும். கெடிபோனே பதினான்கு வருடமாக அந்த வட்டத்தின் முக்கிய ஆட்டத்தில் இருந்தாள். மாலை நான்கு மணிக்கு, கூட்டம் நிறைந்தபின் நடப்பது அது. அவள் இறங்கி நடப்பாள். ஓடமாட்டாள், குதிக்கமாட்டாள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவள்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்று நடந்துவிட்டு, கதவைப் பிடித்து உள்ளே ஏறிக்கொள்வாள். அவளைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருவார்கள்.

அவள் முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தது வட்டத்தில் இல்லை, சாவு வீட்டு வாசலில். அண்ணன் ஒபாக்கெங் இருபத்தேழு வயதில் நெடுஞ்சாலையில் லாரியில் மோதிச் செத்தான். அவன் ஓட்டியதும் ஒரு குஷேஷேதான். சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது கூட்டாளிகள் தெருவில் காரைச் சுழலவிட்டு வழியனுப்புவது வழக்கம். அன்று சுழலவிட வந்த கூட்டாளிக்கு அழுகையில் கால் கிளட்சில் நிற்கவில்லை. கார் இரண்டு முறை உதறி நின்றது. தெருவே தலையைக் குனிந்துகொண்டது. துக்கம் காக்கும் பெண்களோடு போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த கெடிபோனே எழுந்து வந்து, "இறங்கு" என்றாள். அத்தைமார்கள் கத்தினார்கள். "துக்கத்துல இருக்கிறவ ஸ்டியரிங்கைத் தொடுறாளே, நம்ம வீட்டுல வளர்ந்தவளா இவ!" இவள் போர்வையைக் கழற்றவில்லை. அதோடேயே ஏழு சுற்று சுற்றினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றிருந்தாள். அத்தைமார்களில் ஒருத்தி அதற்கப்புறம் மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து உடைந்த வண்டிகளிலிருந்து உதிரி சேர்த்து இந்தச் சிவப்புக் காரை அவள் கட்டியபோது, ஒருத்தனைக் கொன்றது போதாதா என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு ஏற்பாடு மட்டும் இருந்தது. சிவப்புக் கார் நெடுஞ்சாலையில் உருளாது. வட்டத்துக்குப் போவதானாலும் புருஷன் மொதுசியின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறித்தான் போகும்.

புதன்கிழமை வட்டத்தின் முதலாளி பெகி கடைக்கு வந்தான். குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தில் மதில் எழுப்பி, ஜனங்கள் உட்காரப் படிக்கட்டு கட்டி, தார் போட்டு, தெருவில் சுற்றிப் போலீஸிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு இடம் கொடுத்தவன் அவன். அந்த நன்றி கெடிபோனேவுக்கு உண்டு. அதனால்தான் அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல. டிவியில நேரலை. தாளை மைக்குல படிப்பாங்க, கட்லெஹோ மஞ்சளைக் காட்டுவான், அப்புறம் நீ. ரெண்டே சுத்து. உள்ளேயே உக்காந்து, பெல்ட் போட்டுக்கிட்டு."

"ரெண்டு சுத்தா? என் கார் ரெண்டு சுத்துல தூக்கத்துல இருந்தே எழுந்திருக்காது பெகி."

"கேளு. அடுத்த வாரத்துல இருந்து நாலு மணி ஆட்டம் புதுக் காருக்கு. பெட்டிக் கார்ங்க எல்லாம் ரெண்டு மணிக்கு. முன்னால ஒரு பலகை, 'நம்ம பாரம்பரியம்'னு போட்டு. சுத்திக் கயிறு கட்டுவோம், ஜனங்க படம் எடுத்துக்கலாம். ஆளுக்கு ரெண்டு சுத்து. யாரும் இறங்கக் கூடாது. கம்பெனி சொல்ற கண்டிஷன்."

"கயிறு எதுக்கு? மேயவா?"

"கெடி…"

"செத்தவங்களுக்குத்தான் முன்னால பலகை நடுவாங்க. என் கார் இன்னும் சாகலை. நேத்துதான் ஆயில் குடிச்சுது."

பெகி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உனக்கு வாய் இருக்கு, எனக்குப் படிக்கட்டு இருக்கு. அந்தப் படிக்கட்டு விரிசல் விட்டிருக்கு, கம்பெனிப் பணம் வந்தாத்தான் பூச முடியும். அது இடிஞ்சு விழுந்தா உன் வாய் தாங்குமா? ஞாயித்துக்கிழமை நான் சொன்னபடி செஞ்சா பட்டியல்ல உன் பேரு இருக்கும். இல்லேன்னா இல்லை. அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் மக்காச்சோளக் களியையும் ஆட்டுக்குடலையும் நடுவில் வைத்துக்கொண்டு மொதுசியிடம் சொன்னாள். மொதுசி நகராட்சிப் பேருந்து ஓட்டுகிறவன். இருபது வருடத்தில் ஒரு கண்ணாடிகூடக் கீறாதவன். அவள் இறங்கி நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும் படிக்கட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு சுற்றின்போது மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூட்டம் கத்தி முடித்தபின்தான் கண் கீழே வரும்.

"ரெண்டு மணிக்குச் சுத்தினா என்ன? கார் அதே கார்தானே," என்றான்.

"ரெண்டு மணிக்கு யாரு வருவா? எண்ணெய்ல பொரிச்ச மாவுருண்டை விக்கிறவளும் அவ கூடையும்."

"நீ எனக்குக் கோவமில்லாம ஒரு பதில் சொல்லு. அந்தத் தாள்ல ஒரு வரியாவது பொய்யா?"

"இல்லை."

"ஏர்பேக் வரி?"

அவள் களியைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஒபாக்கெங் அந்த மஞ்சள் கார்ல இருந்திருந்தா இன்னைக்கு இங்க உக்காந்து என் பங்கு குடலையும் தின்னுட்டு இருப்பான். நான் தப்பாச் சொல்றேனா?"

"இல்லை."

"அந்த ஒரு வரிக்காவது நீ வாயை மூடணும் கெடி."

மூடிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போதும் அதையே நினைத்தாள். தாளில் இருப்பதெல்லாம் உண்மை, தான் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால், அது தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில்லையா? மானம் என்று தான் நினைப்பதற்கு மற்றவர்கள் வீம்பு என்று பெயர் வைத்தால் அதில் யார் சரி? புதுக் கார்மேல் அவளுக்குக் கோபமில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகள் கார் ஓட்டும் வயதுக்கு வந்தால் எட்டு ஏர்பேக் உள்ள வண்டியில்தான் ஏறச் சொல்வாள். அப்படியானால் எதன்மேல் கோபம்? யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. ஓடுகிற ஒன்றை நின்றுபோனதாக எழுதி, அதற்கு அவளையே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கடைசித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "ரெண்டு சுத்து சுத்துறேன். உக்காந்தே," என்று மொதுசியிடம் சொன்னாள். "ஆனா பலகை வேண்டாம்."

அவள் அப்படியே செய்திருப்பாள். டயரில்தான் கெட்டது.

படம் பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமையே காரை வட்டத்தில் விட்டுப்போகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு பிற்பகல் அவள் வந்து பார்த்தபோது சிவப்புக் கார் கண்ணாடிபோல் மின்னியது. நான்கு சக்கரத்திலும் பிசின் வாசனை போகாத புத்தம்புது டயர்கள். தரையைப் பிடிக்கும் பட்டன்களுக்கு நடுவே விரல் நுழையும் ஆழம்.

"எங்க அன்பளிப்பு!" என்றாள் கம்பெனியின் பெண் அதிகாரி. கெடிபோனேயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்க டயர் எல்லாம் மொட்டையா இருந்தது, பாவமா இருந்துச்சு. போட்டின்னா ரெண்டும் சமமா இருக்கணும் இல்லையா?"

அந்தப் பெண்மேல் கெடிபோனேவுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? சுற்றுகிற காருக்கு மொட்டை டயர்தான் வேண்டும். பட்டன் தேய்ந்து வழுவழுப்பானால்தான் தரையில் வழுக்கிச் சுழலும். புது டயர் தரையைக் கவ்வும். கவ்விக் கவ்வி விடும்போது கார் உதறும், வட்டம் கோணலாகும். அப்படி உதறுகிற காரை விட்டு இறங்க எந்தப் பைத்தியக்காரியும் துணியமாட்டாள். கம்பெனிக்காரிக்கு இது தெரியாது. பெகிக்குத் தெரியும். பெகி தெருவில் சுற்றிய காலத்தில் குப்பைமேட்டில் மொட்டை டயர் பொறுக்கியவன்.

அவள் பெகியைத் தேடிப் பார்த்தாள். மைக் மேடையடியில் நின்றிருந்தான். கண்ணைச் சந்தித்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

நான்கு மணிக்குப் படிக்கட்டு நிரம்பி மதில்மேலும் ஆள் ஏறியிருந்தது. அறிவிப்பாளன் தாளைப் படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் விசில் அடித்தது. "ஏர்பேக்! மஞ்சள் எட்டு! சிவப்பு… சிவப்புல ஓட்டுறவங்களோட நெஞ்சுதான்!" என்றபோது சிரிப்பு அலையாக வந்தது. கெடிபோனே ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்லெஹோ சுற்றினான். அழகாகச் சுற்றினான், அதை மறைப்பதற்கில்லை. மஞ்சள் கார் சத்தமே இல்லாமல் பாய்ந்து வந்து, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் மூன்று வட்டம் போட்டு, கோட்டுமேல் மில்லிமீட்டர் பிசகாமல் நின்றது. படிக்கட்டு எழுந்து கைதட்டியது. கெடிபோனேவும் ஹாரன் அடித்தாள். அந்தப் பையனுக்குச் சேரவேண்டியது அது.

பிறகு அவள் முறை. முதல் கியரில் நடுவுக்கு வந்து ஸ்டியரிங்கை ஓரம்வரை திருப்பி, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தாள். டயர் கவ்வியது. கார் ஆடு உதைத்ததுபோல் துள்ளி வெளியே ஓடியது. அரைச் சுற்றுக்குள் மூன்று முறை உதறியது. பெல்ட் அவள் கழுத்தை அறுத்தது. படிக்கட்டில் முணுமுணுப்பு எழுந்தது.

"அய்யய்யோ!" என்றான் அறிவிப்பாளன் மைக்கில். "வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது! யாராவது தண்ணி குடுங்கப்பா!"

இன்னும் ஒன்றரைச் சுற்று இப்படியே போனால் போதும். பட்டியலில் பேர் இருக்கும். அறிவிப்பாளன் சொன்னதை நாடு நம்பும்.

கெடிபோனே எஞ்சினை அணைத்தாள். பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். பின் டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து, கூட்டம் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"மொதுசி!" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். "டயர்!"

மொதுசியின் பிக்கப்பில் எப்போதும் ஆறு மொட்டை டயர் கிடக்கும், ரிம்மோடு. அவன் எழுந்தான். ஒரு நிமிடம் நின்றான். அத்தனை ஆயிரம் பேர் நடுவில் அவன் ஒருவனுக்குத்தான் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியும். பிறகு நாற்காலியை மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு, பேருந்து ஓட்டுகிறவனின் நிதான நடையில், அவசரமே இல்லாமல் வட்டத்தைக் கடந்து வந்தான்.

பெகி ஓடி வந்தான். "என்னடி பண்றே? நேரலை போயிட்டு இருக்கு! மொத்தமே எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க!"

"போகட்டும். பஞ்சர் கடை எப்படி நடக்குதுன்னு நாடு பாக்கட்டும்."

"கெடி, காலைப் புடிச்சுக் கேக்கிறேன்."

"காலைப் புடிக்காதே, ஜாக்கியைப் புடி. சாயுது." மூன்றாவது நட்டைச் சுழற்றி எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "யாரு போடச் சொன்னது இந்த டயரை?"

பெகி குனிந்து ஜாக்கியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. நீயும் தெரியாதுன்னு சொல்லிடு, நான் நம்பிடறேன்."

"…நீ இறங்கிடுவேன்னு பயந்தேன்," என்றான் பெகி, மெதுவாக.

"புது டயரோட இறங்கியிருந்தா? கார் என் மேலயே ஏறியிருக்கும். அதுக்கு என்ன பலகை வெப்பே?"

டயர் மாற்றுவது அவள் தொழில். இரண்டு பின்சக்கரத்துக்கு நான்கு நிமிடம் போதும். ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் படிக்கட்டு பாட ஆரம்பித்திருந்தது. முதலில் மினிபஸ் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்த மூலையில், பிறகு மதில்மேல் இருந்தவர்கள். ஒவ்வொரு நட்டும் இறுகும்போது ஒரு கைதட்டு. அறிவிப்பாளன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டான். கழற்றிய புது டயர் இரண்டையும் மொதுசி உருட்டிக்கொண்டு போய் அந்தப் பெண் அதிகாரியின் முன்னால் வைத்து, "ரொம்ப நன்றிங்க, நல்ல டயர். பஸ்ஸுக்குச் சேரும்னா நானே வாங்கியிருப்பேன்," என்றான்.

கெடிபோனே ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை டயர் கவ்வவில்லை. ஒரு கணம் முனகிவிட்டு வழுக்கியது. அரைச் சுற்றில் வட்டம் பிடித்துவிட்டது. இரண்டாவது சுற்றில் புகை, மூன்றாவதில் ரப்பர் வாசனை படிக்கட்டுவரை. ஐந்தாவதில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே வைக்கும் கம்பிக் கொக்கியை மாட்டிவிட்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.

வட்டத்தின் உள்பக்கமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் காலி இருக்கையோடு சிவப்புக் கார் சுற்றிக்கொண்டே வந்தது. திறந்த கதவு காற்றில் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தது. அந்த நடையின்போது அவள் பொதுவாக எதையும் நினைப்பதில்லை. அன்று ஏர்பேக் வரி நினைவில் வந்தது. மொதுசி சொன்னது சரி, இப்போதும் சரி, இந்தச் சுற்று அதற்குப் பதிலாகாது. அண்ணன் திரும்பமாட்டான். அந்த உண்மையைச் சுமந்துகொண்டேதான் இந்த வட்டத்தை நடக்க வேண்டும் என்று தோன்றியது. நடந்தாள்.

நிமிர்ந்தபோது மொதுசி வட்டத்தின் ஓரத்தில் கைகளில் கிரீஸோடு நின்றிருந்தான். வானத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், முகம் சாம்பலாக.

அதற்கப்பால் கோட்டுமேல் நின்றிருந்த மஞ்சள் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கட்லெஹோ நன்றாகப் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்து இறங்கினான். கார் கீச்கீச்சென்று கத்தி, தானே பிரேக் போட்டுக்கொண்டு, அடங்கிப்போனது. படிக்கட்டு வெடித்தது. பையன் திரும்பிக் காரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பதின்மூன்றாவது வரியை அவனே நிரப்பிவிட்டிருந்தான்.

ஆனால் டிவியில் அது வரவில்லை. கெடிபோனே மூன்றாவது நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே எட்டு நிமிடம் முடிந்து விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நாடு பார்த்ததெல்லாம் ஒரு பழைய கார் உதறி நின்றதையும், ஒருத்தி முழங்காலிட்டதையும்தான்.

பெகி டிரெய்லர் அருகே வந்து நின்றான். "அடுத்த ஞாயிறு உன் பேர் இல்லை."

"தெரியும்."

"ரெண்டு வாரம் போகட்டும். நான் அவங்ககிட்டப் பேசறேன். ஒரு மன்னிப்பு மட்டும் எழுதிக் குடு. ரெண்டு மணி ஆட்டத்துல சேத்துக்குவாங்க."

"யாருகிட்ட மன்னிப்பு? டயர்கிட்டயா?"

"நீ ஒருத்தி எதிர்த்தா மத்த எட்டுப் பெட்டிக் கார்க்காரங்களும் உன் பின்னால வருவாங்கன்னு நினைக்கிறியா?"

"நினைக்கலை," என்றாள். உண்மையாகவே நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மற்ற எட்டுப் பெட்டிக் கார்களும் கயிற்றுக்குள், பலகைக்குப் பின்னால் நின்றன. அவர்களில் இரண்டு பேர் இவளிடம் ஓட்டக் கற்றவர்கள். ஒருவன் திங்கட்கிழமை பஞ்சர் ஒட்ட வந்து, முகத்தைப் பார்க்காமல் நின்றான். இவள் வழக்கம்போல் ஒட்டிக்கொடுத்தாள். அவன் வீட்டில் வட்டத்துக் காசை நம்பி நான்கு வாய். இவள் வீட்டில் மாதம் தவறாமல் பேருந்துச் சம்பளம் வருகிறது. வீம்பு பிடிக்க வசதி இருக்கிறவள்தான் வீம்பு பிடிக்கிறாளோ என்று அன்று முழுவதும் ஒரு குத்தல் இருந்தது. அது போகவும் இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லே வரவில்லை. வராத சொல்லை எப்படி எழுதுவது?

மூன்றாவது ஞாயிறு காலை மொதுசி தானாகவே போய் டிரெய்லரை மாட்டினான்.

"எங்க?" என்றாள்.

"வொஸ்லூரஸ்ல ஒரு வட்டம் இருக்காம். எங்க டிப்போ பையன் சொன்னான். படிக்கட்டு கிடையாது, மண்மேடுதான். தார்ல பள்ளம். யாரையும் அங்க உனக்குத் தெரியாது."

"நீ வானத்தைப் பாக்கணுமே, அங்க வானம் இருக்கா?"

"வாயை மூடிட்டு ஏறு."

நகரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. வேலியோரம் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பச்சைச் சாயம் பூசிய சடைகளோடு ஒரு பெண், முன்னால் வரிசை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு. கெடிபோனே கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பையன் திரும்பி, "உங்க மகனுக்காக நிக்கிறீங்களாம்மா?" என்றான்.

"இல்லைடா. உனக்கப்புறம் எனக்காக."

மேசைக்கு வந்தபோது அந்தப் பெண் தலை நிமிராமல் கேட்டாள். "புதுசா வர்றவங்களுக்குப் பன்னிரண்டு மணிதான். வெயில் கொளுத்தும், கூட்டம் இருக்காது. பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"பழைய கார் பிரிவா, புதுக் காரா?"

"ரெண்டுக்கும் தனித்தனியா?"

"சும்மா எழுதி வெச்சிக்கிறோம்க்கா. வட்டம் ஒண்ணுதான். சுத்துற வரைக்கும் சுத்தலாம். பேரு?"

"கெடிபோனே."

"எத்தனை வருஷமா சுத்துறீங்க?"

கெடிபோனே வேலிக்கு அப்பால் பார்த்தாள். பள்ளம் விழுந்த தார், அதன்மேல் யாரோ போட்டுவிட்டுப்போன கருப்பு வளையங்கள், மண்மேட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர். பதினான்கு வருடத்தைச் சொன்னால் இந்தப் பெண் எழுந்து நிற்பாள். ஒருவேளை நான்கு மணிக்கு மாற்றிக்கூடக் கொடுப்பாள்.

"இன்னைக்குத்தான் ஆரம்பிக்கிறேன்னு எழுதும்மா," என்றாள். "பன்னிரண்டு ஆகப்போகுது. காரை இறக்கணும், வழி விடச் சொல்லு."